தொப்பையும் ஒரு தொபுக்கடீரும்

போன இதழில் போகிற போக்கில் ‘54 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி எழுதித் தொலைத்தேன். வழக்கமாகக் கூட்டணியையும் குருப் பெயர்ச்சியையும் விசாரிக்கிற வாசகர்கள், இந்த முறை அத்தனை பேரும் என் தொப்பையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்க அங்கே இடமும் உண்டு. இந்த இதழ் முழுக்க அதுவே.

கே.எஸ்., தேனி: 54 வயதில் நீச்சல் தேவையா சார்?

மாவோ 1966 ஜூலையில் யாங்சி ஆற்றில் இறங்கி நீந்தியபோது அவருக்கு 72. சுமார் 15 கிலோமீட்டரை 65 நிமிடத்தில் கடந்தார் என்று சீனப் பத்திரிகைகள் எழுதின. ஒலிம்பிக் வீரனே வெட்கப்படும் வேகம். ஆற்றின் ஓட்டம் பாதி, ஆளுங்கட்சியின் ஓட்டம் மீதி. எனக்கு இரண்டுமே இல்லை. அகலவாக்கில் ஒரு குளம், அதில் நான்.

ஒரு வாசகி, தாம்பரம்: நீச்சல் அடித்தால் எடை குறையுமா?

திமிங்கில ஜோக்கை எதிர்பார்த்துத்தானே கேட்டீர்கள்? சொல்லமாட்டேன். 70 கிலோ ஆசாமி நிதானமாக அரை மணி நேரம் நீந்தினால் 200 கலோரி சொச்சம் செலவாகும். குளத்து வாசலில் இரண்டு மெதுவடை, ஒரு காபி. கணக்கு நேர்.

அதே வாசகி, தாம்பரம் (அதே கவரில் இன்னொரு சீட்டு): பிறகு எதற்குப் போகிறீர்கள்?

கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால் தாங்க வேண்டியது உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான். 84 கிலோவோடு படியில் இறங்கினேன். ஐந்தாவது படியில் 8 கிலோ. இவ்வளவு வேகமாக நான் இளைத்ததே இல்லை. முழங்கால் தேய்ந்தவர்களை டாக்டர்கள் தண்ணீருக்குள் நடக்கச் சொல்வதன் ரகசியமும் இதுதான். ஏறி வரும்போது ஐந்து படியில் 76 கிலோ கூடும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மருத்துவக் கல்லூரி மாணவர், தஞ்சாவூர்: உடம்பில் குறைகிற கொழுப்பு கடைசியில் எங்கே போகிறது? உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

மூக்கு வழியாகப் போகிறது, தம்பி. வியர்வை என்று சொல்வேன், மடக்கலாம் என்று காத்திருந்தீர்களா? 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், மீதி 1.6 கிலோ தண்ணீர். ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் போட்ட கணக்கு. தலைவி பெருமூச்சு விட்டுவிட்டு வளை கழல இளைத்தாள் என்று நம் புலவர்கள் எழுதியதை மிகை என்று நினைத்தேன். உயிர் வேதியியல்!

எம்.ஆர்., கோயம்புத்தூர்: அப்படியானால் வேக வேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாமா?

தலை சுற்றும். கீழே விழுவீர்கள். அவ்வளவுதான் இறங்கும்.

பெயர் வேண்டாம், நாமக்கல்: எனக்குக் கடப்பாறை நீச்சல் தெரியும்!

அது நீச்சல் இல்லை, முகவரி மாற்றம்.

வி.எல்., பெரம்பூர்: எந்தப் பழக்கமும் 21 நாள் செய்தால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் கிளப்பிவிட்டது. மூக்கைத் திருத்திக்கொண்டவர் கண்ணாடியில் தெரிகிற புது ஆளோடு சமாதானமாகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல்லை உலகம் குறைத்துவிட்டது. மூக்குக்கு வைத்த கெடுவை நாம் வயிற்றுக்கு மாட்டினோம்.

ஃபிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பழக்கம் யோசிக்காமல் தானே நடக்கிற அளவுக்கு ஊற ஆன காலம், சராசரியாக 66 நாள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்கிற விரிவு. நம் ஊர்ச் சித்த வைத்தியர்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள்; மால்ட்ஸைவிடக் கிட்டத்தில் நிற்கிறார்கள். நான் 254-க்காரரின் பங்காளி.

கே.எஸ்., தேனி: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சா?

இல்லை. அதே ஆய்வில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆபத்து இரண்டாம் நாளில். முதல் நாள் மழையால் போகவில்லை, இரண்டாம் நாள் ‘நேற்றே போகவில்லையே’ என்று போகவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் ஒரு முன்னாள் நீச்சல்காரர். பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஆர்.பி., கடலூர்: காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இரவே துண்டு, கண்ணாடி, தொப்பி எல்லாம் போட்ட பையை வாசல் கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவிடுவேன். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் பை கையில் வந்து விழும். பால் உள்ளே, நான் வெளியே.

இரண்டாவது, எனக்கு நானே ஒரு மலிவான ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். நீந்த வேண்டும் என்று கட்டாயமே இல்லை. குளத்துக்குப் போய்த் தலையை நனைத்துவிட்டுத் திரும்பிவிடலாம். முதல் இரண்டு மாதத்தில் ஒன்பது நாள் அப்படித்தான் திரும்பினேன். காவலாளி ‘சார் வீட்டுல தண்ணி வரலையா?’ என்றார். நான் குளத்துக்குப் போகாத நாள் குறைவு என்பதால் அந்த அவமானத்தைச் சகித்துக்கொண்டேன். மூன்றாவது மாதம், நனைந்த தலைக்குக் கீழே உடம்பும் தானாக இறங்கிவிட்டது.

ஜி.டி., வண்டலூர்: ஜனவரி 1 அன்று ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டினேன். நான்கு நாள்தான் போனேன். மனசு உறுத்துகிறது.

உறுத்த வேண்டாம். சந்தா கட்டிவிட்டு வராதவர்கள் இல்லையென்றால், வருகிறவர்களுக்கு டிரெட்மில் காலியாகக் கிடைக்காது. பெயர் போடாத உபயதாரர் நீங்கள்.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்பது எந்த விஞ்ஞானி சொன்னது, அங்கிள்?

அங்கிளா? சரி, பதிலை மெதுவாகவே சொல்கிறேன். விஞ்ஞானி இல்லை, வியாபாரி. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடியெண்ணும் கருவி விற்றது. அதன் பெயர் ‘மான்போ-கெய்’. தமிழில் ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. பெயர் நன்றாக இருந்தது, எண் நின்றுவிட்டது. உங்கள் கைக்கடிகாரத்தைக் குழந்தையின் தொட்டில் ஆட்டுகிற பாட்டியிடம் கட்டிவிட்டுப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பத்தாயிரத்தைத் தொடுவார்.

குடும்பத் தலைவி, மன்னார்குடி: என் வீட்டுக்காரர் வாக்கிங் என்று சொல்லிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

கடை எவ்வளவு தூரம் என்று எழுதவில்லையே? அடுத்த ஊர் டீ பிரமாதம் என்று அவர் காதுபட யாரிடமாவது சொல்லிவையுங்கள்.

பி.என்., ஈரோடு: குண்டாக இருப்பவர்கள் சுலபமாக மிதப்பார்கள் என்பது உண்மையா, ஆறுதலா?

உண்மை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே அளவு கொழுப்பு சுமார் 900 கிராம், தசை 1,060 கிராம். கொழுப்பு மிதக்கும், தசை அமிழும். என்னோடு அதே நாளில் சேர்ந்த ஜிம் பையன், வயிற்றில் ஆறு கட்டு, தண்ணீரில் படுக்கச் சொன்னதும் அம்மிக்கல் போலக் கால்பக்கமாக இறங்கினான். நான் காலி டிரம் மாதிரி மிதந்தேன். அரை நூற்றாண்டாக வளர்த்த பிள்ளை அன்றுதான் எனக்குச் சோறு போட்டது.

என்.ஏ., விருதுநகர்: முதல் நாள் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

மூச்சு விட. சிரிக்காதீர்கள். நாம் எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தலையை விடுகிறோம். பிடித்த மூச்சில் கரியமில வாயு ஏற ஏற நெஞ்சு அடைக்கிறது, பதறி எழுகிறோம். பிராணவாயு தீர்ந்துபோனதால் வருகிற தவிப்பு இல்லை அது, கரியமில வாயு சேர்ந்ததால் வருவது. ஆகவே முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மெல்ல விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வந்தால் இழுக்க மட்டும்தான் நேரம்.

இதை எனக்குச் சொன்ன பயிற்சியாளருக்கு 23 வயது. ‘கொப்புளம் விடுங்க சார்’ என்றார். குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் கொப்புளம் மட்டும் விட்டேன். பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஐந்தாம் நாள் என்னைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் ‘தாத்தா, பயப்படாதீங்க’ என்று ஆறுதல் வேறு.

சி.கே., பெருந்துறை: எங்கள் ஊரில் இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். மூன்றே நாளில் நீச்சல். நீங்கள் மாதக் கணக்கில் காசு கட்டிக் கொப்புளம் விடுகிறீர்களாக்கும்!

சுரைக்குடுவை, முருங்கைக் கட்டை, லாரி டியூப், இவை எதுவும் கிடைக்காதபோது தாய்மாமனின் கால். கிணற்றுப் பள்ளிக்கூடத்தில் அட்மிஷனும் பரீட்சையும் ஒரே நாள். தேறியவர்கள் கதை சொல்கிறார்கள். தேறாதவர்கள் கடிதம் எழுதுவதில்லை. தவிர, உங்கள் ஊரில் கிணறு இருக்கிறது. எங்கள் தெருக் கிணற்றின் மேல் ஏ.டி.எம். இருக்கிறது. அதிலும் நீர்மட்டம் குறைவு.

தமிழாசிரியர், திருவையாறு: சங்க இலக்கியத்தில் நீச்சல் உண்டா?

புறநானூறு 243. ஐயாவுக்குத் தெரியாததில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கைத்தடி ஊன்றி, இருமலுக்கு நடுவே பேசுகிற ஒரு முதியவர், தண்ணீருக்கு மேல் தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வாய்பிளக்க மடுவில் பாய்ந்து, அடி மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய தன் சிறுவயதை நினைத்து ஏங்குகிறார். புலவர் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார். அந்தக் கைத்தடிதான் அவருக்குப் பெயரே கொடுத்திருக்கிறது. அவருக்கு இருந்த ஏக்கம் எனக்கு வராது. என்னிடம் இழக்க ஒரு மடு இருந்ததில்லை.

எஸ்.வி., சேலம்: ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்கிறார்களே. பலிக்குமா?

கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு, பசியைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடும். ஆனால் கொள்ளு ரசம் வைத்து, அதற்காகவே இன்னொரு கரண்டி சோறு போட்டுப் பிசைந்து, மேலே நெய்யும் விட்டால் பழமொழி செல்லாது.

பி.ஜே., காரைக்குடி: சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் என்னால் முடியாது.

காபி, டீக்குச் சர்க்கரையை நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன்: 30 கிராம், 120 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. வகுத்துப் பாருங்கள், ஒன்பது வாரத்தில் ஒரு கிலோ. காகிதத்தில்! காகிதக் கிலோவும் தராசுக் கிலோவும் சொந்தக்காரர்கள்தான், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. நடுவில் ஒரு கல்யாணப் பந்தி.

டி.எம்., மதுரை: டயட் ஆரம்பித்த முதல் வாரமே 2 கிலோ குறைந்துவிட்டது!

வாழ்த்து. போனதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்தைச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரை மடியில் வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் இருவரும் சேர்ந்து வெளியேறுகிறார்கள். நீங்கள் இருப்பதோ மதுரை. ஒரு ராத்திரி பரோட்டா, சால்னா போதும், பழைய வாடகைக்காரர் சாமானோடு திரும்பி வருவார்.

கே.எஸ்., தேனி: தொப்பையை மட்டும் தனியாகக் குறைக்க முடியாதா?

முடியாது. எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்பதை உடம்பு தீர்மானிக்கும். வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும். அதன் மேல் உட்கார்ந்திருப்பவரை எழுப்பாது. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, முதலில் வந்து உட்கார்ந்தவர்தான் கடைசியாக எழுவார்.

ஒரு கணக்காளர், மயிலாப்பூர்: என் பி.எம்.ஐ. 24. உலகக் கணக்கில் பாஸ், என் டாக்டர் கணக்கில் ஃபெயில். யார் சொல்வது சரி?

டாக்டர். இந்த அளவை 1830-களில் வகுத்த பெல்ஜியக்காரர் அடால்ஃப் கெட்டலே வைத்தியரே அல்ல. வானியலும் புள்ளிவிவரமும் அவர் துறை. ‘சராசரி மனிதன்’ எங்கே இருக்கிறான் என்று தேடினார். 1972-ல் ஆன்செல் கீஸ் அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் சூட்டி ஆஸ்பத்திரிக்குள் அனுப்பினார். உலகத்துக்கு எச்சரிக்கை மணி 25-ல். நமக்கு 23-லேயே அடிக்கிறது. கையும் காலும் அகத்திக்கீரைக் கட்டு, நடுவில் பானை என்பது நம் வார்ப்பு. தராசைவிட டெய்லர் டேப் நேர்மையானது: ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80. அதற்கு மேல் போனால் பேச்சு டாக்டரிடம்.

இல்லத்தரசி, திண்டுக்கல்: எனக்கு 46. நீச்சல் கற்க ஆசை. உடையை நினைத்தால்தான் கூச்சம். சுடிதாரோடு இறங்கலாமா?

வேண்டாம் தாயே. பருத்தித் துணி ஊறினால் கனக்கும், துப்பட்டா கையைச் சுற்றும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற நைலான் நீச்சல் உடைகள் கடையில் உண்டு. பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர் வைத்திருக்கிற குளங்களும் உண்டு. முதலில் விசாரித்துக்கொண்டு சேருங்கள்.

கூச்சத்துக்கு ஒரு மருந்தும் தருகிறேன். கெர்ட்ரூட் எடர்லி என்ற அமெரிக்கப் பெண் 1926-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தினார். பெண்களால் ஆகாது என்று அதுவரை அடித்துச் சொன்னவர்கள் உண்டு. அம்மணி பதினான்கரை மணி நேரத்தில் கரையேறினார்; ஆண்களின் அதுவரையிலான சாதனையைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. 1959-ல் அதே கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் கொல்கத்தாவின் ஆரத்தி சாஹா. நீங்கள் கடக்க வேண்டியது 25 மீட்டர்.

ஜே.ஆர்., தூத்துக்குடி: தமிழர்களில் பெரிய நீச்சல்காரர் யார்?

பாக் நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி, 1954. சுமார் 27 மணி நேரம். அதே மண்ணில் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் 1971-ல் போகவர இரண்டு வழியும் நீந்தினார், 51 மணி நேரம். 1984-ல் ஆங்கிலக் கால்வாய் அவரைத் திருப்பித் தரவில்லை. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-ல், 12 வயதில், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து மிஹிர் சென்னின் 1966 சாதனையை முறியடித்தார். அவருடையது ஐந்து.

ஒரு வேடிக்கை. ஆனந்தனும் வக்கீல், மிஹிர் சென்னும் வக்கீல். வாய்தா தராத ஒரே நீதிபதி கடல் என்பதால் போய்ப் பார்த்திருப்பார்கள்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: எங்கள் குளத்திலேயே மெதுவான ஆள் நான்தான். விட்டுவிடலாமா?

எரிக் முசாம்பானியைத் தெரிந்துகொண்டு விடுங்கள். எக்வடோரியல் கினி நாட்டுக்காரர். நீச்சல் கற்று எட்டு மாதம்தான். பயிற்சி ஒரு ஹோட்டலின் சின்னக் குளத்தில். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்குப் போய் இறங்கியபோதுதான் 50 மீட்டர் குளத்தையே முதன்முதலாகப் பார்க்கிறார். அவரோடு நின்ற மற்ற இருவரும் முன்கூட்டியே பாய்ந்து தகுதி இழந்தார்கள். தன்னந்தனியாக 100 மீட்டர். கடைசிப் பகுதியில் மூழ்கிவிடுவாரோ என்று அரங்கமே எழுந்து நின்று கத்தியது. 1 நிமிடம் 52.72 விநாடி. தங்கம் வென்றவருக்கு ஆனது 48.30.

எல்லாரும் இங்கேயே சிரித்துவிட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள். மனிதர் ஊருக்குப் போய்த் தொடர்ந்து நீந்தினார். நான்கே வருடத்தில் 57 விநாடிக்கு வந்தார். விசாக் குளறுபடியில் ஏதென்ஸ் ஒலிம்பிக் தவறிப்போயிற்று. பிற்பாடு தன் நாட்டு அணிக்கே பயிற்சியாளர் ஆனார். உங்கள் குளத்தில் கத்த ஆளில்லை என்பதுதான் உங்கள் குறை.

பி.எச்., ஊட்டி: இங்கே குளிரில் எப்படி நீந்துவது?

தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். 1896-ல் முதல் நவீன ஒலிம்பிக் நீச்சல், குளத்தில் அல்ல, ஏதென்ஸுக்கு அருகே ஏப்ரல் மாதக் கடலில். வென்ற ஹங்கேரிக்காரர் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ் உடம்பெல்லாம் மசகு பூசிக்கொண்டு இறங்கினார். ஜெயிப்பதைவிட உயிரோடு திரும்புவதே தன் கவலையாக இருந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார். வெந்நீர்க் குளம் தேடுங்கள், இல்லையேல் மேட்டுப்பாளையத்தில் சம்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

பி.யூ., ஆம்பூர்: சாப்பிட்ட உடனே நீந்தினால் மூழ்கிவிடுவோம் என்பது உண்மையா?

மூழ்குவது கதை. எதுக்களிப்பது நிஜம். உண்மையில் பயப்பட வேண்டியது சாப்பாட்டுக்கு அல்ல, சரக்குக்கு. போட்டுவிட்டு ஆற்றில் இறங்கியவனுக்கு ஆழம் தெரியாது; ஆழத்துக்கு அவனை நன்றாகத் தெரியும். ஆம்பூர்க்காரர் என்பதால் கூடுதலாக ஒரு வரி: பிரியாணி தின்றுவிட்டு வந்தால் அது நீச்சல் இல்லை, ஊறல்.

மாணவன், அரக்கோணம்: குளத்தில் குளோரின் நெடி தூக்கலாக அடித்தால் சுத்தம் என்றுதானே அர்த்தம்?

தலைகீழ். அந்த நெடி குளோரினுடையது அல்ல. குளோரின் நம் வியர்வையோடும், இன்னொன்றோடும் சேர்ந்து உண்டாகிற குளோரமின். இன்னொன்று எது என்று பக்கத்தில் நீந்துகிறவரைக் கேளுங்கள். ‘இறங்கும் முன் குளிக்கவும்’ என்று பலகை வைத்திருப்பது சுவருக்கு அழகாக அல்ல.

அவன் தங்கை, அரக்கோணம்: தண்ணீரில் இருந்தால் விரல் ஏன் சுருங்குகிறது?

ஊறி அல்ல கண்ணு, நரம்பு உத்தரவு போட்டு. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்காது. அண்ணனைவிட நல்ல கேள்வி.

சினிமா ரசிகர், வடபழனி: ‘எதிர்நீச்சல்’ படத்தில் நீச்சல் இருக்கிறதா?

1968, பாலசந்தர். நாகேஷ் பெயர் மாடிப்படி மாது. நீச்சல் இல்லை, படிக்கட்டு உண்டு. மாடிப்படி ஏறுவது கலோரிக் கணக்கில் நிதான நீச்சலுக்கு இளைத்ததல்ல. லிப்ட் வேலை செய்யாத அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் செயலாளரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு நன்றி சொல்லலாம்.

ஓய்வுபெற்றவர், கும்பகோணம்: நீச்சல் ஒன்றே போதுமா, வேறு பயிற்சியும் வேண்டுமா?

வேண்டும். எலும்பு பாரம் தாங்கித்தான் கெட்டிப்படும். தண்ணீரிலோ அதற்கு விடுமுறை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. டம்பெல் வாங்க வேண்டாம். பேரனைத் தூக்குங்கள். எடை வருடா வருடம் தானே கூடிக்கொடுக்கும்.

எல்.கே., காஞ்சிபுரம்: நீச்சல் தெரியாத மேதை யாராவது?

ஐன்ஸ்டைன். பாய்மரப் படகென்றால் உயிர், நீச்சல் தெரியாது, உயிர்காப்பு உடுப்பும் போடமாட்டார். நீங்களும் முதலில் ஒரு சார்பியல் கொள்கை எழுதிவிட்டு, அதே மாதிரி படகேறுங்கள்.

பி.சி., அரியலூர்: எனக்கு ஓரளவு நீச்சல் வந்துவிட்டது. யாராவது மூழ்கினால் பாய்ந்து காப்பாற்றலாமா?

இதற்கு மட்டும் கிண்டல் இல்லை. பாயாதீர்கள். மூழ்குகிறவர் சினிமாவில் போலக் கத்தமாட்டார், கத்த மூச்சிருக்காது. வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போய்வர, சத்தமில்லாமல் இறங்குவார். கிட்டே போனால் உங்களைப் பிடித்து உங்கள் மேல் ஏறுவார். அது அவர் குற்றமல்ல. கயிறு, கழி, காலி பிளாஸ்டிக் குடம், எது கைக்கு வருகிறதோ அதை வீசுங்கள். உதவிக்குக் கத்துங்கள்.

உங்கள் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததுதான். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் கொட்டரை அணையில் குளிக்க இறங்கிய நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கினார்கள். கரையில் இருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துப் பிழைத்தார்கள். மற்ற இருவர் இல்லை. அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அங்கே உயிர் காத்தது ஆறு கஜ யோசனை.

எச்.எம்., திருவொற்றியூர்: குளத்தில் தேறிவிட்டேன். மெரினாவில் கடலில் இறங்கலாமா?

மெரினாவில் மாநகராட்சி ஒரு நீச்சல் குளம் வைத்திருக்கிறது. அதில் இறங்குங்கள். கடல் உப்பால் கொஞ்சம் கூடுதலாகவே மிதக்க வைக்கும், சரிதான். ஆனால் ஓரக் கம்பி கிடையாது, நீரோட்டம் உண்டு. எப்போதாவது அலை உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்புங்கள். இந்தப் பதிலை நம்பி இறங்கிவிடவும் கூடாது.

கே.எஸ்., தேனி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பதினோரு மாதத்தில் எத்தனை கிலோ குறைத்தீர்கள்?

84-ல் ஆரம்பித்தேன். ஏழு குறைந்தது, தீபாவளிக்கு இரண்டு திரும்பி வந்தது, ஒன்றை மறுபடி அனுப்பிவைத்தேன். இன்று காலை 78. அகலவாக்கில் நிற்காமல் நான்கு முறை போய்வருகிறேன். ஒரே கடிதக்காரர் நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், தேனியில் குளம் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை. விசாரித்து எழுதுங்கள். திங்கட்கிழமை எங்கள் குளத்துக்கு விடுமுறை. அன்றுதான் நான் தபால் பிரிப்பேன்.